முட்டி என்ன டயரா?

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் காலையில் ஓடக் கிளம்பிவிட்டால் ஊரே வைத்தியராகிவிடுகிறது. "இந்த வயசுல ஓடுனா முட்டி தேஞ்சிடும் சார்." டீக்கடையில் சொல்கிறார்கள், மருந்துக்கடையில் சொல்கிறார்கள், சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முட்டிக்கு ஓர் அளவு உண்டு, இளமையில் செலவழித்தது போக மிச்சத்தைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும் என்பது இவர்கள் போடும் கணக்கு. வண்டி டயருக்குச் சரியான கணக்குதான். உயிருள்ள மூட்டுக்கு அது பொருந்தாது. நடமாட வேண்டிய வயதில் எத்தனையோ பேரை நாற்காலியோடு கட்டிப்போட்டு, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் வரவழைப்பது இந்த நம்பிக்கைதான். அதனால்தான் இதன் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

மூட்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்தெல்லாம் மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கி நீரை வெளியே விடுகிறது. எடுக்கும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்தப் போக்குவரத்து நின்றால் அதற்குச் சாப்பாடு குறைகிறது. சுமை ஏற ஏற எலும்பு இறுகுகிறது, தசை தடிக்கிறது. அறுபதுக்குப் பிறகு தசை வேகமாகக் கரையும். சும்மா உட்கார்ந்திருந்தால் இன்னும் வேகமாகக் கரையும். தொடைத் தசை வற்றிப்போனவருக்கு ஒவ்வொரு படியிலும் அதிர்ச்சியை முட்டிதான் தனியாக வாங்குகிறது. "முட்டியைக் காப்பாத்த உக்காருங்க" என்ற அறிவுரை முட்டியைக் கெடுக்கும் வழி இதுதான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 1984-ல் ஐம்பது வயதைத் தாண்டிய 538 ஓட்டக்காரர்களையும் ஓடாத 423 பேரையும் எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 19 ஆண்டு முடிவில் ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஓடியவர்களில் 15 சதவீதம். அன்றாட வேலைகளுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையும் ஓடியவர்களுக்குப் பல ஆண்டுகள் தள்ளியே வந்தது. ஒரு சிறு பிரிவினரின் முட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், ஓடியவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக இல்லை. 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு கணக்கில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுவாதம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம்.

"ஏற்கெனவே திடமா இருக்கறவன்தான ஓட வருவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில், ஒரே ஆளை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பார்ப்பது. லண்டன் மாரத்தானுக்கு முதல்முறையாகப் பயிற்சி எடுத்த நடுவயதுக்காரர்களின் முட்டியை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். சுமை தாங்கும் பகுதியின் எலும்பில் முன்பே இருந்த சேதம், ஓடி முடித்தபின் குறைந்திருந்தது. முட்டிச் சில்லுக்குப் பின்புறம் சிலருக்குச் சேதம் கூடியிருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. தொடை, இடுப்புத் தசைகளுக்குத் தனியாக வலுப்பயிற்சி தேவை என்பது அதில் தெரிகிறது.

இதையெல்லாம் எங்கள் கடலோர மரக்காணத்தில் சொன்னால் உடனே உப்பளத்தைக் காட்டுவார்கள். "அங்க வேல செஞ்சவங்க முட்டியப் போய்ப் பாருங்க சார், அப்புறம் பேசுங்க." இந்தக் கட்டுரையில் நான் மிக மதிக்கும் எதிர்வாதம் இதுதான். அவர்கள் காட்டும் முட்டிகள் உண்மையிலேயே கெட்டுப்போனவை.

தை மாதம் மழைத் தண்ணீர் வடிந்ததும் உப்பளத் தொழிலாளர்கள் பாத்தியில் இறங்குகிறார்கள். சேற்றை வெறுங்காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்த வேண்டும். உப்பு பூத்த பிறகு பலகையால் இழுத்து வரப்போரம் குவிக்க வேண்டும். அதைக் கூடையில் வாரித் தலையில் ஏற்றி, ஓர் ஆள் நடக்கும் அகலமே உள்ள வழுக்கும் வரப்பில் நடந்து மேட்டில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். மழை வரும்வரை இதே வேலை, இதே அசைவு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடி முடித்து மூச்சு வாங்க நின்ற ஒரு காலையில், கூடையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்தபடி நின்ற அம்மா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபதை ஒட்டிய வயது. குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி வெளுத்திருந்தது. ஓடினால் எனக்கு வலிக்காதா என்று கேட்டார். வலித்தால் ஓரிரு நாள் விட்டுவிடுவேன் என்றேன். "ஒங்களுக்கென்னா சார், நோவுச்சின்னா நாளைக்கு ஓட மாட்டீங்க. எனுக்கு நோவுச்சின்னா கூலி போச்சு" என்றார்.

உப்பள முட்டிகள் கெட்டதற்குக் காரணம் அவர் சொன்னதில் இருக்கிறது. உடம்பு சுமையால் மட்டும் வலுப்பெறுவதில்லை. சுமைக்குப் பிறகு கிடைக்கும் ஓய்வில்தான் வலுப்பெறுகிறது. நாளைக்கு எவ்வளவு என்று தானே தீர்மானிக்க முடிகிறவருக்கு அது பயிற்சி. தீர்மானிக்க முடியாதவருக்கு வெறும் அரைபடல். நெதர்லாந்து ஆய்வாளர்கள் தலைமையில் ஏறக்குறைய 1,93,000 பேரின் தரவுகளைத் திரட்டி 2018-ல் வெளிவந்த ஆய்வும் இந்தப் பக்கமே நிற்கிறது: வேலையில் கடும் உடலுழைப்பு செய்த ஆண்களுக்கு முன்கூட்டியே இறக்கும் ஆபத்து 18 சதவீதம் அதிகம். அதே உடல் அசைவு ஓய்வு நேரத்தில், தன் விருப்பத்தில் நடந்தால் ஆயுளைக் கூட்டுகிறது. ஆகவே உப்பளத்தைக் காட்டி ஓட்டத்தை எதிர்ப்பவர்கள் ஓய்வில்லாத உழைப்பின் குற்றத்தை ஓட்டத்தின் தலையில் கட்டுகிறார்கள்.

உடம்புக்கு ஓய்வு கொடுக்காத தவறை ஓட்டக்காரர்களிலும் ஒரு கூட்டம் செய்கிறது. அறுபது வயதில் மாதத்துக்கொரு பதக்கம் வேண்டும், முப்பது வயதுக்காரனை முந்த வேண்டும், வலித்தால் மாத்திரை போட்டுக்கொண்டாவது ஓட வேண்டும் என்று திரிகிறார்கள். அந்த 2017 கணக்கிலேயே, போட்டிக்காகத் தீவிரமாக ஓடுபவர்களின் மூட்டுவாதம் 13.3 சதவீதம், உட்கார்ந்திருப்பவர்களையும் தாண்டிவிட்டது.

ஓய்வெடுக்கத் தெரிந்தவர்களும் உண்டு. கனடாவின் எட் விட்லாக் 73 வயதில் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தவர். 85 வயதில் நான்கு மணி நேரத்துக்குள். வீட்டருகே ஒரு கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி மணிக்கணக்கில் மெதுவாக ஓடுவதுதான் அவர் பயிற்சியாக இருந்தது. காயம் பட்டால் மாதக்கணக்கில் நிறுத்திவிடுவார், ஆறியபின் சிறிய தூரத்தில் மறுபடி தொடங்குவார். நம் ஊரில் மா. சுப்பிரமணியன் இருக்கிறார். சென்னை மேயராகவும் சுகாதாரத்துறை அமைச்சராகவும் பொறுப்பு வகித்தவர். விபத்தில் முழங்கால் பாதிக்கப்பட்ட பிறகு ஓட வந்து நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். எல்லோராலும் இது முடியும் என்பதற்காக இவர்களைச் சொல்லவில்லை. வயது மட்டுமே தடை என்ற பேச்சு இவர்கள் முன் நிற்காது.

வயதானவருக்கான பயிற்சி உண்மையில் அலுப்பூட்டும் அளவுக்கு எளியது. முதலில் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். இதில் சமரசம் கூடாது. வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓட்டம், அதுவும் பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில். இரண்டு நாள் தொடைக்கும் இடுப்புக்கும் வலுப்பயிற்சி. மிச்ச நாள் ஓய்வு. ஓடியதும் வரும் வலி மறுநாள் காலைக்குள் அடங்காவிட்டால் தூரத்தைக் குறைக்க வேண்டும். மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்கு ஆறு மாதம் போதாதென்றால் ஒன்றரை வருடம் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கரையில் பங்குனி பிறந்துவிட்டால் வெயில் ஏறுமுன் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். முதல் ஓட்டத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு, பக்கத்து ஆரோவில்லில் பிப்ரவரியில் நடக்கும் மாரத்தானைச் சொல்வேன். மண் பாதை, பரிசு கிடையாது, முந்த வேண்டிய அவசியமும் கிடையாது.

"முட்டியப் பாத்துக்கோங்க, உக்காருங்க" என்ற அக்கறை, பென்ஷனும் மின்விசிறியும் உள்ள என்னைப் போன்றவர்களுக்கே கிடைக்கிறது. அது உண்மையில் தேவைப்படும் அந்த உப்பளத்துப் பெண்ணிடம் யாரும் சொல்வதில்லை; சொன்னாலும் அவரால் உட்கார முடியாது. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக அரசு தரும் 5,000 ரூபாய், வேலையே இல்லாத மாதங்களுக்கானது. வேலை நடக்கும் மாதங்களில் கூலி பிடிக்காத வார விடுமுறை, பாத்தியோரம் நிழல், குடிதண்ணீர், அரைக் கூடைச் சுமை ஆகியவை வேண்டும். வரப்பைத் தள்ளுவண்டி போகும் அகலத்துக்குக் கட்டிக் கொடுப்பதை இந்தத் தை மாதமே தொடங்கலாம்.