‘உக்காருங்கக்கா’ என்ற சொல்லுக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் அக்கா ஒருவர் எச்.ஐ.வி. மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை மலையிறங்குகிறார். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் சேலம். அங்கே ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து மையம் இருக்கிறது. அதைப் பற்றி அவருக்கு எந்தக் குறையும் இல்லை. இருந்தும் பேருந்து நிலையத்தில் இன்னொரு வண்டி ஏறி அடுத்த மாவட்டத்துக்குப் போகிறார். அன்றைய கூலி போய்விடும்.

ஏன் என்று கேட்டேன். “சேலத்துல ஊர்க்காரங்க யாராச்சும் பாத்துருவாங்க” என்றார். எல்லோரும் சொல்லும் பதில்தான். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலேயே இன்னொன்று சொன்னார்: “அந்த நர்ஸம்மா ‘உக்காருங்கக்கா’ன்னு சொன்னாங்க.”

அதற்கு முன்பு, வேலைக்குப் போயிருந்த வேறோர் ஊரில் அவருக்குப் பரிசோதனை நடந்திருக்கிறது. அங்கே அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவர் ஒருவர், “மலைக்காரியா நீ? தள்ளி நில்லு” என்றாராம். அதன்பிறகு எட்டு மாதம் எந்த மருத்துவமனைப் படியையும் அவர் மிதிக்கவில்லை. எட்டு மாதம் மருந்தில்லாமல்.

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர் அவர். (பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைக்கும் நகரத்து நண்பர்களுக்கு: தமிழ் பேசும் பழங்குடி மக்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித் தொகுதி.) அவர் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்வது சிகிச்சையின் தொடக்கத்தைப் பற்றி. ஒருவர் முதல் மாத்திரையை எங்கே, யாரிடம், எப்படி வாங்க விரும்புகிறார்? இந்த விருப்பத்தைக் கிலோமீட்டராகவும் மணியாகவும் அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் ஜாம்பியாவிலிருந்து வெளிவந்தது. சிகிச்சையை விட்டு விலகிப் போனவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். முகம் கடுக்கும் ஊழியரைத் தவிர்த்து அன்பாகப் பேசுபவரிடம் போக 45 கிலோமீட்டர் கூடுதலாகப் பயணிக்கத் தயார் என்பதுதான் அவர்கள் பதிலிலிருந்து கிடைத்த கணக்கு. காத்திருப்பது என்றால் 19 மணி நேரம் கூடுதலாக.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. நம் மொழியில் மரியாதைக்கென்று தனி இலக்கணமே இருக்கிறது. யாரை ‘நீ’ என்பது, யாரை ‘நீங்க’ என்பது என்பதை முகவரியையும் சட்டையையும் பார்த்தே முடிவு செய்யப் பழக்கப்பட்ட சமூகம் இது. ஐம்பது வயது அருந்ததியரை இருபத்தைந்து வயது ஊழியர் ‘வா, போ’ என்பது இங்கே கோபத்தின் அடையாளம் அல்ல, அன்றாடம். ஜாம்பியாவில் அது ஊழியரின் குணமாக இருக்கலாம். இங்கே அது சாதி.

எனக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு. என் பெரியப்பா லாரி கிளீனர். 2002இல் இறந்தார். எங்கள் வீட்டில் இன்றும் ‘காசநோய்’ என்றுதான் சொல்வோம். அரசு இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1இல். முதலில் தொடங்கிய சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. இரண்டு ஆண்டில் தவறிப்போன உயிர்.

இன்று நிலைமை அப்படி இல்லை. 2017 முதல் சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு என்று பார்க்காமல், தொற்று உறுதியான எல்லோருக்கும் சிகிச்சை. கூடுமானால் ஏழு நாளுக்குள், தயாராக இருந்தால் அன்றைக்கே தொடங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரையை விடாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால் உடலுறவு வழியே அடுத்தவருக்குப் பரவாது. இவ்வளவு நல்ல மருந்து கையில் இருக்கும்போது, ‘தயாராக இருந்தால்’ என்ற சொல்லை மட்டும் நாம் விழுங்கிவிடுகிறோம். தயாரா என்று யார் கேட்கிறார்கள்?

கேட்காமல் தொடங்கியதுதான் இந்த வரலாறே. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் காட்டின. பெரிய பணி. அந்த ரத்தத்தைக் கொடுத்த பாலியல் தொழிலாளர்களுக்கோ எதற்காக எடுக்கிறார்கள் என்று தெரியாது.

நான் சந்தித்த இன்னொருவர், மலையடிவாரத்தில் கட்டட வேலை செய்பவர், மருந்து தொடங்குவதையே தள்ளிப்போட்டார். முகவரிச் சான்று கேட்டதுதான் காரணம். அவருடைய அட்டையில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ‘காலனி’ என்று இருக்கிறது. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். அவர் பையில் இருக்கும் அட்டைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கூடவே, துணைக்கு ஒருவரை அழைத்து வரச் சொன்னார்களாம். மனைவியிடமே சொல்லாதவர் யாரை அழைத்துப் போவார்? நலம் விசாரிக்கக் களப்பணியாளர் வீட்டுக்கு வந்தால், ஒற்றைத் தெருக் காலனியில் பைக் நிற்பதே அறிவிப்புப் பலகை. வர வேண்டாம், போன் செய்யுங்கள் என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தால் போதும்.

ஊழியர்களை மட்டும் குற்றம் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆலோசகர்களில் பலர் ஒப்பந்தப் பணியாளர்கள். தொற்றோடு வாழ்ந்துகொண்டே அடுத்தவருக்குத் தைரியம் சொல்பவர்களும் அவர்களில் உண்டு. வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது யாரிடம் உட்கார்ந்து விருப்பம் கேட்பது?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். சாதிக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அந்த அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னது தொற்றுக்காகவா, மலைக்காக்காரி என்பதற்காகவா? அவருக்கே தெரியாது. எந்தச் சட்டத்தின் கீழ் எந்த அலுவலரிடம் எழுதிக் கொடுப்பது?

கடைசியாகப் பார்த்தபோது அந்த நர்ஸுக்குப் பணி மாறுதல் வரப்போவதாகச் சொன்னார். இனி சேலத்துக்கே போவீர்களா என்றேன். தலையாட்டவில்லை.

“எந்த ஊருக்கு மாத்துறாங்கன்னு கேட்டு வச்சிருக்கேன் தம்பி.”