ஜெர்சிக்குப் பின்னால ஒரு கையெழுத்து!



இந்த வாரம் கேன்டீன் அரட்டை எல்லாம் கிடையாது. உங்களை பஸ் ஏத்தப் போறேன். ராஜபாளையம் டு மதுரை... ஏறுங்க, ஏறுங்க!

விடியக்காலை அஞ்சு மணி. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் தோளில் கிட் பேக்கோடு நாலு பசங்க நிக்கிறாங்கன்னு வெச்சுக்குங்க. இன்டர் காலேஜியேட் மீட்டுக்குப் போறாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் வருது. ஜன்னலுக்கு வெளியே ஆண்டாள் கோயில் கோபுரம், வரிசையா பால்கோவா கடை. அடுத்து கிருஷ்ணன்கோவில். அங்கேயே ஒரு யுனிவர்சிட்டி இருக்கு. கலசலிங்கம்! ஆனா இறங்க முடியாது பாஸ். அது தனி யுனிவர்சிட்டி, அதுக்குத் தனி டீம். நம்ம பசங்க காலேஜ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைஞ்சது. அதனால் திருமங்கலம் தாண்டி, கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் போகணும்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குடா? ஒரு கப்புக்கா?"ன்னு கேக்கறீங்களா? கப்புக்கு இல்லை. ஒரு காகிதத்துக்கு!

மேட்டர் இதுதான். மத்திய அரசு வேலையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வகை வகையா சர்டிஃபிகேட் உண்டு. இந்தியாவுக்கு ஆடினா ஃபார்ம் 1. மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடினா ஃபார்ம் 2. யுனிவர்சிட்டிக்காக இன்டர் யுனிவர்சிட்டி போட்டியில் ஆடினா ஃபார்ம் 3. ஸ்கூல் லெவலில் தேசியப் போட்டி என்றால் ஃபார்ம் 4. இந்தியா டீம், ஸ்டேட் டீம் எல்லாம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? காலேஜ் பசங்களுக்குக் கைக்கு எட்டுற தூரத்தில் இருக்கிறது ஃபார்ம் 3 தான். அதில் கையெழுத்துப் போட வேண்டியது யுனிவர்சிட்டியின் விளையாட்டுத் துறை.

இப்போ யோசிங்க. யுனிவர்சிட்டி டீம் அனுப்பினால்தான் ஆட முடியும். ஆடினால்தான் அந்த ஃபார்ம். ஒரு வருஷம் டீம் போகலைன்னா... மில்லில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற அப்பாவோட பையனுக்கு ஒரு கதவு சாத்தியாச்சுன்னு அர்த்தம். அவன் ஃபைனல் இயர் என்றால், அந்தக் கதவு மறுபடி திறக்காது.

சரி, டீம் அனுப்பற யுனிவர்சிட்டி எப்படி இருக்கு?

1966-ல் தொடங்கின யுனிவர்சிட்டி இது. ஒரு காலத்தில் கன்னியாகுமரி வரை இதோட எல்லைதான். 1990-ல் நெல்லையில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்ததும் தெற்கே இருந்த காலேஜ்கள் அந்தப் பக்கம் போயிடுச்சு. தொலைநிலைக் கல்விதான் இதுக்குப் பெரிய வருமானம். மாநில எல்லைக்கு வெளியே சென்டர் நடத்தக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2013-ல் கறாராச் சொன்னதும் அதிலும் அடி. 2024-ல் பேராசிரியர்களும் ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும், "எங்க சம்பளம் எங்கே, பென்ஷன் எங்கே?"ன்னு போராட வேண்டிய நிலைமை. அதே வருஷம் துணைவேந்தரும் ராஜினாமா செய்தார்.

சம்பளத்துக்கே திண்டாடுற வீட்டில், "அப்பா, புது ஸ்பைக்ஸ் ஷூ வேணும்"னு கேட்டா என்ன பதில் வரும்? அதே லாஜிக்தான். லேப், எக்ஸாம், பென்ஷன் எல்லாம் க்யூவில் நிக்கும்போது கடைசி ஆளா நிக்கிறது கிரவுண்டு!

மத்த இடத்தில் என்ன நடக்குதுன்னும் பார்த்துடுவோம். விளையாட்டில் முதலிடம் பிடிக்கிற பல்கலைக்கழகத்துக்கு மௌலானா ஆசாத் டிராஃபின்னு ஒண்ணு தர்றாங்க. 1956-57-லிருந்து தர்றாங்க. பஞ்சாப் பக்கத்து அரசுப் பல்கலைக்கழகங்கள் அள்ளிட்டுப் போன கோப்பை அது. 2025 ஜனவரியில் வந்த ரிசல்ட்டில் முதலிடம் சண்டிகர் யுனிவர்சிட்டி, ரெண்டாவது லவ்லி புரொஃபஷனல் யுனிவர்சிட்டி. ரெண்டுமே தனியார்! அமிர்தசரஸ் குரு நானக் தேவ் மூணாவது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு புரியுதா?

அமெரிக்காவில் கதையே வேற. 2025 ஜூனில் கோர்ட் ஒப்புக்கொண்ட ஒரு சமரசப்படி, காலேஜ்களே வீரர்களுக்கு நேரடியாப் பணம் கொடுக்கலாம். வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு 2 கோடி டாலருக்கும் மேல! அதனால் ஃபுட்பால் கொழிக்க, நீச்சல், டென்னிஸ் மாதிரி டீம்கள் எல்லாம் "எங்களை மூடிடுவாங்களோ"ன்னு பயந்துட்டு இருக்காங்க. அங்கே பணம் எங்கே போகுதுங்கிற சண்டை. இங்கே பஸ் சார்ஜ் யார் தர்றதுங்கிற சண்டை!

"போங்க பாஸ், அரசு யுனிவர்சிட்டியை நம்பினா அவ்வளவுதான்"னு சொல்லாதீங்க. ரேவதி வீரமணியைத் தெரியும்ல? மதுரை சக்கிமங்கலம். அப்பா, அம்மா இல்லை, பாட்டி வளர்த்த பொண்ணு. ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடினவர். கோச் கண்ணன் கண்டுபிடிச்சு, இதே காமராசர் யுனிவர்சிட்டியோடு இணைஞ்ச லேடி டோக் காலேஜில் சேர வழி பண்ணினார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 4x400 கலப்பு ரிலேயில் இந்தியாவுக்காக ஓடினார். ரயில்வேயில் வேலையும் கிடைச்சது. அந்த காலேஜ் கதவு திறக்கலைன்னா?

அதனால கண்ணுகளா, நாம ஒரு காரியம் பண்ணலாம். உங்க ஃபீஸ் ரசீதை எடுங்க. 'விளையாட்டுக் கட்டணம்'னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. கிரவுண்டு பக்கமே போகாத நீங்களும் கட்டியிருப்பீங்க. அது எங்கே போச்சு? தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கு. பத்து ரூபாய் கட்டணம், ஒரு வெள்ளைத்தாள், தமிழிலேயே எழுதலாம். பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மூணே கேள்வி:

* மூணு வருஷத்தில் விளையாட்டுக் கட்டணமா எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு?

* எந்தெந்த விளையாட்டுக்கு இன்டர் யுனிவர்சிட்டி டீம் போச்சு, எதுக்குப் போகலை?

* எத்தனை பேருக்கு ஃபார்ம் 3 கொடுத்தாங்க?

30 நாளுக்குள் பதில் தரணும். சண்டை போடச் சொல்லலை. கணக்குக் கேக்கச் சொல்றேன். கேக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடியும்.

கிரிக்கெட் மேட்ச்சுக்கு ராத்திரி முழுக்கக் கண் முழிக்கிற நாம, விடியக்காலை பஸ் ஏறுற நம்ம கிளாஸ் பையனுக்காகப் பத்து ரூபாய் செலவு பண்ண மாட்டோமா? அந்தப் பசங்க ராத்திரி திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நின்னு, "மாப்ள, என்னாச்சு?"ன்னு கேளுங்க. அதுக்குப் பத்து ரூபாய்கூட வேண்டாம்!

அடுத்த வாரம் பார்ப்போமா... வர்ட்டா!