ஜெபமும் வேண்டும், டாக்டரும் வேண்டும்

நம் சபையில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி என்றால் "நல்ல டாக்டரைப் பாருங்க" என்கிறோம். மனச்சோர்வு என்றால் மட்டும் "விசுவாசம் பத்தலை, உபவாசம் இருங்க" என்கிறோம். இந்தப் பாகுபாடு வேதத்தில் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட எலியா, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். தூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பிச் சாப்பிட வைக்கிறான், தூங்க விடுகிறான், மறுபடி சாப்பிட வைக்கிறான். ஓரேபுக்குப் போன பிறகுதான் கடவுள் பேசுகிறார். எலியா ஒரே புலம்பலை இரண்டு தடவை சொல்கிறார். இரண்டு தடவையும் அவர் கேட்கிறார். நல்ல மனநல ஆலோசகர் செய்வதும் இதைத்தானே?

குடும்ப விஷயத்துக்கு வருவோம். ஈசாக்குக்கு ஏசா செல்லம், ரெபெக்காளுக்கு யாக்கோபு செல்லம். அந்த வீட்டில் அடிபட்டு வளர்ந்த யாக்கோபு, தானும் யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்து கொடுக்கிறார். ஒரு வீட்டின் கோணல் அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் சொன்னதற்கு, ஆதியாகமத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வேலூர் சிஎம்சி 1957இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும். நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வீட்டார் கை கழுவ முடியாது. ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் பாடுபடும் என்ற பவுலின் போதனை இங்கே மருத்துவமாகவே நடக்கிறது.

நாம் அதிகம் தவறு செய்வது மன்னிப்பு விஷயத்தில்தான். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பற்றி ஒரு பெண் அழுதால், "மன்னிச்சிரும்மா, வீட்டுக்குப் போ" என்று ஜெபித்து அனுப்பிவிடுகிறோம். யோசேப்பு அப்படிச் செய்யவில்லை. சகோதரர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தார். பென்யமீனுக்குப் பதிலாக யூதா தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்த பிறகுதான் தான் யார் என்று சொன்னார். மன்னிப்பது வேறு, மறுபடியும் அடிவாங்கப் போவது வேறு. அந்தப் பெண்ணுக்கு ஜெபம் வேண்டும். அதற்கு முன் பத்திரமான இடம் வேண்டும். அவருக்குக் குடிநோய் சிகிச்சை வேண்டும்.

எல்லாம் மருந்துதான், ஜெபம் எதற்கு என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. குற்ற உணர்வும் துக்கமும் மாத்திரையால் மட்டும் தீருவதில்லை.

அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர், தாமே மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவர், 1925இல் இறையியல் மாணவர்களை மனநல மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். நூறு வருடம் ஆகிவிட்டது. நம் ஊரில் குருப்பட்டம் பெறும் ஒவ்வொரு தம்பியும் தங்கையும் ஒரு மாதமாவது அப்படி ஒரு வார்டில் உட்கார்ந்து, பேசாமல், கேட்டுவிட்டு வரட்டும். அதன் பிறகு பிரசங்க பீடம் ஏறட்டும்.