பட்டறையில் பிறக்கும் வேகம்

வள்ளியூர் வட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் காற்றாலைகள்! காற்று தள்ளுகிறது. இறக்கை சுற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது.

அந்த இறக்கையைக் காற்றுக்குப் பதிலாக நெருப்பு சுற்றினால்?

அதுதான் ஜெட் விமானத்தில் உள்ள டர்பைன். இதை வெளிநாடுகளில் சிலர் வீட்டுப் பட்டறையிலேயே செய்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் பூட்டி, வேகப் பந்தயத்துக்கும் போகிறார்கள்!

லாரி சாமான்

விமான என்ஜினுக்கு எங்கே போவது? அவர்கள் பழைய லாரியைத் தேடிப் போகிறார்கள். டீசல் லாரியில் "டர்போ" என்று ஒரு சாமான் உண்டு. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள். ஒன்றைப் புகை சுற்றும். மற்றது காற்றை அமுக்கித் தள்ளும். இரண்டுக்கும் நடுவே எண்ணெய் எரிய ஓர் உருளையைச் சேர்த்தால் அது சின்ன ஜெட் என்ஜின்!

சொல்வது சுலபம். ஆனால் ஆபத்து பெரிது. தண்டு நிமிஷத்துக்கு லட்சம் தடவைகூடச் சுற்றும். இறக்கை உடைந்தால் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். கைப்பிடியைத் திருகினால் உடனே வேகம் கூடாது. விட்டால் உடனே குறையாது.

68 வயது வீரர்

நியூசிலாந்துக்காரர் பர்ட் மன்ரோ 1920-ல் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதன் பெயர் "இண்டியன்". அப்போது அதன் வேகம் மணிக்கு 55 மைல். டர்பைன் இல்லை, சாதாரண என்ஜின்தான். பிஸ்டன்களைத் தாமே வார்த்தார். உடைந்தவற்றை அலமாரியில் அடுக்கி, "வேக தெய்வத்துக்குக் காணிக்கை" என்று எழுதி வைத்தார்!

1967-ல் அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் அதே வண்டியை 183 மைலுக்கு மேல் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 68. 47 ஆண்டு உழைப்பின் பலன் அது!

ஓட்டலில் சேர்த்த பணம்

நம் நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். ஜி.டி. நாயுடு வாலிபராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் "ரட்ஜ்" மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஆசை பிறந்தது. கோவையில் ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்தார். அந்த வண்டியை வாங்கினார். ஓட்டிப் பார்த்ததோடு நின்றாரா? இல்லை. அக்கு அக்காகப் பிரித்தார். மறுபடி பூட்டினார். பின்னாளில் இந்தியாவிலேயே மின் மோட்டார் செய்ய வழிகாட்டினார்.

அடுத்த வீட்டு அதிசயம்

வள்ளியூருக்கு அருகே மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது. அந்த என்ஜின்களுக்கு எரிபொருளைத் தள்ளும் பம்பைச் சுற்றுவதும் டர்பைன்தான்! லாரியில் உள்ள தத்துவமே ராக்கெட்டிலும் இருக்கிறது.

சாலை மைதானம் அல்ல

ஆனால் நம் வாலிபர்களில் சிலர் எங்கே வேகம் பார்க்கிறார்கள்? நாகர்கோவில்–திருநெல்வேலி நாற்கரச் சாலையில்! பான்வில்லில் பல மைலுக்கு வெறும் உப்புத் தரை. குறுக்கே யாரும் வரமாட்டார்கள். நம் சாலையிலோ பள்ளிக்கூடப் பிள்ளை கடக்கும். ஆட்டு மந்தை வரும். ஒரு கணம் தவறினால் ஒரு குடும்பத்தின் விளக்கு அணைந்துவிடும்.

பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் தனிப் பாதைகள் உண்டு. வள்ளியூர் வாலிபனுக்கு அவை எட்டாத தூரம். "ஓட்டாதே" என்று அதட்டினால் மட்டும் போதுமா?

தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் ஞாயிற்றுக்கிழமையில் பட்டறைக் கதவைத் திறக்கட்டும். விஷயம் தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் நிற்கட்டும். பழைய என்ஜினைப் பையன்கள் பிரிக்கட்டும், பூட்டட்டும்.

பெற்றோர்களே! மகன் கையில் கிரீஸ் கறை இருந்தால் கோபிக்க வேண்டாம். தலையில் ஹெல்மெட் இல்லாவிட்டால் கோபியுங்கள்!

வேகம் சாலையில் பிறந்தால் வினை. பட்டறையில் பிறந்தால் வித்தை!