காய்ச்சலும் கல்லீரலும்

சென்ற மழைக்காலத்தில் வெள்ளகோவிலுக்கு அருகே ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்கேடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். நூல் பெற வந்த அங்கத்தினர் ஒருவர் நின்றபடியே இரண்டு மாத்திரைகளை எடுத்து விழுங்கினார். "மூணு நாளாக் காய்ச்சலுங்க. இதைப் போட்டாத்தான் தறியில உட்கார முடியுது" என்றார். காலையிலிருந்து எத்தனை விழுங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை.

டெங்குக் காய்ச்சல் நமக்குப் புதிதன்று. 2017ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டது; 65 பேர் மாண்டனர் என்பது அரசாங்கக் கணக்கு. இரத்தத் தட்டணுக்கள் குறைவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கல்லீரலைப் பற்றிப் பேசுவோர் அரியர். இக்கிருமி கல்லீரல் அணுக்களுக்குள்ளும் புகுகின்றது. நோய் முற்றினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டுக் கசிந்து, கல்லீரலுக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் குன்றுகிறது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களை உண்டாக்குவது கல்லீரலே. அது தளர்ந்தால் இரத்தக் கசிவும் மிகும். பெரும்பாலோருக்கு இப்பாதிப்பு சில வாரங்களில் தானே நீங்கிவிடும். சிலருக்கோ உயிருக்கே ஆபத்தாகும்.

இந்நிலையில் பாராசிட்டமாலை அளவின்றி விழுங்குவது நைந்த பாவை மேலும் இறுக்கி இழுப்பதற்கு ஒப்பாகும். வைத்தியர் சொன்ன அளவில் அது நல்ல மருந்து. அளவு மீறினால் அதுவே கல்லீரலைக் கெடுக்கும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் முதலியன இரத்தக் கசிவைத் தூண்டுமாதலால் கூடவே கூடா. காய்ச்சல் இறங்கியதும் தறிக்குத் திரும்புவதும் தவறு. அபாயம் நேர்வது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் அந்த ஓரிரு நாட்களில்தான். ஓயாத வாந்தி, கடும் வயிற்று வலி, ஈறில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

ஓய்வெடுங்கள் என்று சொல்வது மாதச் சம்பளம் வாங்கும் என்போன்றோர்க்கு எளிது. தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். ஆகவே, பொதுநல நிதியுள்ள சங்கங்கள், வைத்தியர் சீட்டுக் காட்டும் அங்கத்தினருக்கு, விதிகளுக்கு உட்பட்டு, ஒரு வாரக் கூலியளவேனும் உதவ மகாசபையில் தீர்மானிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பொய்ச் சீட்டுக் கொண்டு வருவார் இரண்டொருவர் இருக்கலாம். அதற்கஞ்சி மற்றவர்களைக் கைவிடலாகாது.

மற்றொன்று தண்ணீர். இக்கொசு பகலில் கடிப்பது. நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. தொட்டியின் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். நீரைக் கொட்டினால் போதாது; வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவி மூடவேண்டும். தோட்டத்துத் தேங்காய்த் தொட்டிகளையும் கவிழ்த்து வைப்பது நலம். சங்கக் கட்டிடத்திலிருந்தே தொடங்கலாம். அன்று நான் சென்ற சங்கத்தின் பின்புறத் தொட்டிக்கு மூடியில்லை.