வகுப்புப் படத்தில் இல்லாதவர்கள்

உயர்தரம் எழுதி வெளியேறும் ஒவ்வொரு வகுப்பும் தன்னைப் பற்றி ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கிறது. சிறுமிகளாய் வந்தோம், சிரித்தோம், சண்டை பிடித்தோம், இன்று கண்ணீரோடு பிரிகிறோம். வருடத்தை மட்டும் மாற்றிவிட்டால் அந்தக் கட்டுரை எந்த வகுப்புக்கும் பொருந்தும். 2025ஆம் ஆண்டு உயர்தரப் பிரிவினரான எங்களுக்கு அது பொருந்தவில்லை. எங்களோடு வந்தவர்களில் பலர் எங்களோடு வெளியேறவில்லை.

நாங்கள் 2017 ஜனவரியில் தரம் 6இல் சேர்ந்தவர்கள். தரம் 8இல் இருந்தபோது, 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. இரண்டாம் தவணை பிந்தித்தான் தொடங்கியது. பாடசாலை திறந்த பிறகும் பல வீடுகளில் பிள்ளைகளை அனுப்பப் பயந்தார்கள். பர்தாவோடு பஸ்ஸில் ஏறுவதற்கே துணிவு வேண்டியிருந்த நாட்கள் அவை. அடுத்த வருடம் மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். திறப்பதும் மூடுவதுமாக அது 2021 ஒக்டோபர் வரை இழுபட்டது. தரம் 11க்கு வந்தால் பொருளாதார நெருக்கடி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. எரிபொருள் இல்லாததால் ஜூலையில் பாடசாலை வாரத்துக்கு மூன்று நாட்களாகச் சுருங்கியது.

2022க்குரிய சாதாரண தரப் பரீட்சையை நாங்கள் எழுதத் தொடங்கியது 2023 மே 29இல். உயர்தரம் 2025 நவம்பர் 10இல் ஆரம்பித்து, டித்வா புயலால் இடையில் நின்றது. அந்த நாட்களில் கம்மடுவையில் கொட்டிய மழையும் மாவட்டமெங்கும் நடந்த மண்சரிவுகளும் எத்தனை குடும்பங்களைக் கலைத்தன என்பதை இங்குள்ள வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மிகுதிப் பாடங்களை 2026 ஜனவரி 12 முதல் 20 வரை எழுதி முடித்தோம். வீட்டையும் கொப்பிகளையும் சேற்றில் விட்டுவிட்டு வந்து எழுதியவர்களும் இருந்தார்கள்.

இதையெல்லாம் தாங்கி வந்தோம் என்று பெருமைப்படலாம். பெருமைப்படத்தான் செய்கிறோம். ஆனால் தாங்கி வந்தவர்களின் குரல் மட்டுமே விடைபெறும் மேடையில் கேட்கும். தரம் 6இல் ஒரே வாங்கில் நெருக்கி அமர்ந்திருந்தவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள்.

அவர்கள் கெட்டித்தனம் குறைந்ததால் நின்றுபோனவர்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் ஏற்கமாட்டேன். கொரோனாக் காலத்தில் பாடம் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தது. வீட்டில் இருந்தது ஒரே கையடக்கத் தொலைபேசி. அதை வாப்பா வேலைக்குக் கொண்டுபோவார். இரவில் வந்தால் முதல் முறை நானாவுக்கு, அடுத்தது தம்பிக்கு, டேட்டா மிஞ்சினால் எங்களுக்கு. றத்தோட்டைப் பக்க மலைகளில் இருந்தவர்களுக்கு டேட்டா இருந்தும் சிக்னல் இல்லை. சில மாதம் பாடம் தவறியவளுக்குத் தரம் 10 கணிதம் விளங்காது. விளங்காத பாடத்துக்கு முன்னால் தினமும் உட்கார்ந்திருப்பதைவிட வீட்டில் உம்மாவுக்கு உதவுவது மரியாதை என்று அவளுக்குத் தோன்றியிருந்தால், அது சோம்பேறித்தனம் அல்ல.

அதைவிடப் பெரிய இழப்பு பரீட்சைக்குப் பிறகுதான் வந்தது. 2023 ஜூனில் சாதாரண தரம் முடிந்தது. பெறுபேறு நவம்பர் இறுதியில்தான் வந்தது. ஏறக்குறைய ஆறு மாதம்! பையன்களுக்கு அது கடையில் நின்று நாலு காசு சம்பாதிக்கும் காலம். எங்களுக்கு அது சம்பந்தம் பேசி வரும் காலம். வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளை என்று ஊர் பார்க்கத் தொடங்கிவிடும். பெறுபேறு நல்லதாக வந்தபோது சிலருடைய நிக்காஹ் நாள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது.

எங்கள் நாட்டில் கட்டாயக் கல்வி 16 வயது வரைதான். அதற்குப் பிறகு ஒரு பிள்ளை வராவிட்டால் ஏன் என்று கேட்டு வீட்டுக்கு வர எவருக்கும் கடமையில்லை. பொதுத் திருமணச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது 18. எமக்குரிய 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வயதெல்லை எழுதப்படவில்லை. அதைத் திருத்துவது பற்றிப் பெரியவர்கள் பல வருடமாக விவாதிக்கிறார்கள், விவாதிக்கட்டும். ஒரு வாப்பா தன் மகளுக்காக உயர்தரம் முடியும்வரை பொறுத்திருக்கச் சட்டம் மாறவேண்டியதில்லை.

பெற்றோரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தபோது ஒரு கொப்பியின் விலை என்ன, பஸ் கட்டணம் என்ன என்பதை அவர்கள்தான் அறிவார்கள். மூன்று பிள்ளைகளில் ஒருவரை நிறுத்தவேண்டி வந்தது. நிறுத்தப்பட்டது பெரும்பாலும் மகள் என்பதைத்தான் நான் கேட்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று பாடசாலை நடத்திய சித்திலெவ்வையைப் போட்டிகளில் பேசிப் பரிசு வாங்கும் நாம், அதற்குப் பதில் சொல்ல வேண்டாமா?

நின்றவர்களுக்கு வழி முழுதாக அடைபடவில்லை. சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ், தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில், சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் தொழில்சார் பாடங்களைப் படிக்கலாம். இதை அவர்களுக்குப் போய்ச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் எங்களில் ஒருத்தியாக இருப்பதே நல்லது. டீச்சர் போனால் வீடு பயப்படும், கூட்டாளி போனால் தேநீர் ஊற்றும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அலுவிகாரை இருக்கிறது. வாய்வழியாகவே பேணி வந்த திரிபிடகத்தை, பஞ்சமும் போரும் வந்து மனனம் செய்தவர்களே அழிந்துபோவார்கள் என்ற நிலையில், பிக்குகள் ஓலையில் எழுதிவைத்த இடம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தோம். ஒரு வகுப்பின் நினைவும் ஆட்கள் சிதறியதும் போய்விடும். எங்கள் ஒன்பது வருடத்தை நாங்கள் எழுதத்தான் வேண்டும். ஆனால் அதை இந்த வருடத்து வகுப்புப் படத்திலிருந்து தொடங்கக்கூடாது. 2017ஆம் ஆண்டுத் தரம் 6 வரவு இடாப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரியாவிடைக்குக் கேக் எத்தனை கிலோ, பின்னணிச் சீலை என்ன நிறம் என்று வட்ஸ்அப் குழுவில் இரவிரவாக நடக்கும் வாக்குவாதத்தில் என் யோசனையையும் சேர்க்கிறேன். அந்த இடாப்பை எடுப்போம். அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அழைப்பிதழ் எழுதுவோம். உக்குவளைக்கும் வரக்காமுறைக்கும் கலேவெலைக்கும் இரண்டு இரண்டு பேராய் நேரில் போய்க் கொடுப்போம். கைக்குழந்தையோடு வருபவளுக்கும் தையற்கடையில் அரைநாள் லீவு கேட்டு வருபவளுக்கும் முன்வரிசையில் கதிரை போடுவோம். படம் எடுப்பவரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.