ஆஸ்திரேலியா விசா: பழைய போலீஸ் கேஸைச் சொல்லணுமா?

ஆஸ்திரேலியாவின் ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசாவில் (462) இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம்தான். வயது 18 முதல் 30 வரை. குலுக்கலில் பெயர் வந்த பிறகு விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: உங்க மேல கேஸ் இருக்கா?

கேள்வியை நிதானமா படிங்க. ஸ்டேஷனில் விசாரித்து அனுப்பியது, எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தண்டனை, எல்லாம் ஒண்ணு இல்ல. நிலுவையில் இருக்கும் குற்றச்சாட்டையும் தண்டனையையும் சொல்லியாக வேண்டும். பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட தண்டனையும் இதில் அடங்கும்.

சொன்னா விசா போயிடுமா?

அப்படி இல்லை. 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் நடத்தைத் தேர்வில் தேற முடியாது. சின்ன அபராதம் அந்தக் கணக்கில் வராது. ஆனால், உங்கள் மொத்த நடத்தையையும் அதிகாரி எடைபோடலாம்.

மறைச்சா?

இங்கேதான் சிக்கல். பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால், 4020 என்ற விதிப்படி விசா மறுக்கப்படும். அடுத்த 3 ஆண்டுக்கும் அந்த விதி குறுக்கே நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்க: 28 வயதில் மாட்டினால், தடை முடியும்போது வயது 31. இந்த விசாவுக்கான கதவு அதோடு மூடிவிடும். படிப்பு, வேலை விசாக்களுக்கும் இதே விதி உண்டு.

என்ன செய்யலாம்?

எஃப்.ஐ.ஆர். நகல், வழக்கு ரத்தான அல்லது விடுதலையான கோர்ட் உத்தரவு இரண்டையும் இப்பவே வாங்கி வையுங்க. நடந்ததைத் தேதியோடு சுருக்கமா எழுதி இணையுங்க. எந்தக் கட்டத்தில் கேஸ் நிற்குதுன்னு தெரியலைன்னா, ‘இல்லை’ என்று டிக் அடிப்பதற்கு முன்னால் வக்கீலிடம் கேளுங்க.